மணிக்கூடு ஓடாத 11 செக்கன்

கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டிருப்பது இதுதான். பாடசாலைகளுக்கிடையிலான கூடைப்பந்தாட்டமொன்றில், நான்காம் கால் பகுதி முடிய 41 செக்கன் இருக்கையில், ஒரு புள்ளியால் பின்தங்கியிருந்த அவருடைய அணி தன் பின்பாதியில், அதாவது தான் காக்கும் கூடையுள்ள பாதியில், எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிந்தது. பிள்ளைகள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய், நாலைந்து கை மாற்றி, கூடையிட்டார்கள். அதன் பிறகுதான் ஆட்ட மணிக்கூடு 41இலேயே நிற்பதை எதிரணிப் பயிற்றுவிப்பாளர் சுட்டிக்காட்டினார். நீண்ட வாக்குவாதத்தின் பின் நடுவர்கள் அந்தக் கூடையை இரத்துச் செய்து, 41 செக்கனிலிருந்து மறுபடியும் விளையாட வைத்தார்கள். ஓர் அணி கூடைக்கு எறிய வேண்டிய நேரத்தை 24இலிருந்து இறங்குமுகமாகக் காட்டும் 24 செக்கன் மணிக்கூடு ஒழுங்காக ஓடியிருக்கிறது. அதை இயக்கியவர், கூடை விழுந்தபோது அதில் 12 அல்லது 13 இருந்தது என்றார். பின்பாதியில் செக்கன் எண்ணிய நடுவர், பந்து நடுக்கோட்டைத் தாண்டும்போது தாம் ஆறு வரை எண்ணியிருந்ததாகச் சொன்னார். மாணவன் ஒருவனுடைய தகப்பனாரின் கைப்பேசியில் முழு ஆட்டமும் பதிவாகியிருந்தது. அந்தக் கூடை செல்லுமா, எத்தனை செக்கனைக் கழித்திருக்க வேண்டும், மறுநாள் அதிபரின் கடிதத்தோடு கொடுத்த ஆட்சேபம் ஏன் ஏற்கப்படவில்லை என்பன அவருடைய மூன்று கேள்விகள்.

முதலாவதற்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடை செல்லும். அதை இரத்துச் செய்ய விதியில் இடமில்லை. மணிக்கூட்டில் 30 செக்கன் வைத்து, கூடையை விட்டுக்கொடுத்த எதிரணியிடம் தன் பின்கோட்டிலிருந்து எறியப் பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்திருக்க வேண்டும். அந்த 30 எப்படி வந்தது என்பதையும், நடுவர்கள் எந்த இடத்தில் வழுக்கினார்கள் என்பதையும் விளங்கப்படுத்தத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நேரமும் புள்ளியும் பதியும் மேசையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில், இந்த வழுக்கல் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் நேர்வதல்ல என்று எனக்குத் தெரியும்.

நமது நாட்டில் கூடைப்பந்தாட்டம் சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின், அதாவது ஃபீபாவின், விதிகளின்படியே ஆடப்படுகிறது. அதில் 44ஆம் விதிதான் திருத்தக்கூடிய தவறுகளைப் பற்றியது. நடுவர்கள் பலர் பயிற்சிப் பட்டறையில் இந்த விதியின் முதற்பாதியை மனப்பாடம் செய்துவிட்டு, கடைசிப் பந்தியை மறந்துவிடுகிறார்கள். முதற்பாதி நான்கு தவறுகளைச் சொல்கிறது: கொடுக்கக் கூடாத ஃபிரீ த்ரோவை (தடுப்பாரின்றிக் கூடைக்கு எறியும் வாய்ப்பை) கொடுத்தல், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காது விடுதல், புள்ளியைத் தவறாகக் கொடுத்தல் அல்லது தவறாக நீக்குதல், ஃபிரீ த்ரோவை எறிய வேண்டியவர் அல்லாத வேறொருவரை எறியவிடுதல். இந்த நான்குக்கும் ஒரு காலவரம்பு இருக்கிறது. தவறு நடந்த பின் மணிக்கூடு ஓடத் தொடங்கி, அதற்குப் பிறகு பந்து முதல் தடவையாகச் செயலற்று (அதாவது ஆட்டம் நின்று), மறுபடியும் செயலுக்கு வருவதற்குள் அது கண்டுபிடிக்கப்பட வேண்டும். அந்த வாசல் மூடிவிட்டால் தவறு தவறாகவே நிற்கும்.

மணிக்கூட்டுத் தவறு இந்த நான்கில் ஒன்றல்ல. அதே விதியின் இறுதியில் அது தனியாக வருகிறது. புள்ளித்தாளை எழுதுவதிலோ, ஆட்ட மணிக்கூட்டையும் 24 செக்கன் மணிக்கூட்டையும் இயக்குவதிலோ ஏற்பட்ட பிழையால் புள்ளி, ஃபவுல் எண்ணிக்கை, டைம் அவுட் எண்ணிக்கை, கூடுதலாக ஓடிய நேரம், ஓடாது விடப்பட்ட நேரம் ஆகியன தவறாகியிருந்தால், தலைமை நடுவர் புள்ளித்தாளில் கையெழுத்திடும் வரை எந்த வேளையிலும் அவற்றைத் திருத்தலாம் என்பதே அதன் கருத்து. எனவே உங்கள் ஆட்டத்தில் “பந்து மறுபடி செயலுக்கு வந்துவிட்டால் திருத்த முடியாது” என்று யாராவது அவசரப்பட்டிருந்தால், அவர் முதற்பாதியின் வாசலைக் கொண்டுவந்து கடைசிப் பந்தியில் மாட்டியிருக்கிறார். கூடைக்குப் பின் எதிரணி பந்தை எறிந்து, இன்னும் இரண்டு கூடைகள் விழுந்த பிறகு கண்டுபிடித்திருந்தாலும், தெரிந்த செக்கன்களைக் கழித்திருக்கலாம்.

அடுத்தது கூடை. ஓடாது விடப்பட்ட நேரத்தைத் திருத்தலாம் என்றுதான் விதி சொல்கிறது. அந்த நேரத்தில் ஆடப்பட்ட ஆட்டத்தைத் திருத்தலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. நான்கு தவறுகளின் விடயத்தில், தவறுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையில் நடந்த ஃபவுல், விழுந்த புள்ளி, கழிந்த நேரம் எல்லாம் செல்லும் என்று விதி வாய்விட்டே கூறுகிறது. மணிக்கூட்டுத் தவறுக்கு இதைவிடக் கடுமையான முறை வேண்டும் என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை. எதிரணி அந்த 11 செக்கனும் தற்காத்து ஆடியது. பத்துப் பிள்ளைகளும் ஓடினார்கள், வியர்த்தார்கள், ஒருவன் கூடையிட்டான். மேசையில் இருந்த ஒருவரின் விரல் பொத்தானை அமுக்கவில்லை என்பதற்காக அந்த ஆட்டம் நடக்கவில்லை என்று சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் “மறுபடி ஆடுவோம்” என்பது கேட்பதற்கு நடுநிலையான தீர்ப்புப் போலத் தோன்றும். உண்மையில் அது ஓர் அணியிடமிருந்து இரண்டு புள்ளியைப் பறித்து, மற்ற அணிக்குத் தற்காக்க இன்னொரு வாய்ப்பைக் கொடுக்கிறது.

இதற்கு ஒரே ஒரு விலக்கை நான் ஒப்புக்கொள்வேன். 41க்குப் பதிலாக 6 செக்கன் மட்டுமே எஞ்சியிருந்து, மணிக்கூடு ஓடாமல், 9ஆம் செக்கனில் பந்து கையை விட்டுப் போயிருந்தால் என்ன செய்வது? அந்த வேளையில் ஆட்ட நேரமே இல்லை. கால் பகுதி முடிவதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும் என்பதுதான் கூடை செல்வதற்கான நிபந்தனை. நேரம் தீர்ந்துவிட்டது என்பது நடுவருக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தால், அந்தக் கூடையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே சரி என்பது என் தீர்ப்பு. விதியில் குறிப்பாகச் சொல்லப்படாத எதையும் தீர்மானிக்கும் அதிகாரம் 46ஆம் விதியின்படி தலைமை நடுவருக்கு இருக்கிறது. அந்த அதிகாரம் இப்படியான இடத்துக்கு உரியது, 41 செக்கன் மிச்சமிருந்த உங்கள் ஆட்டத்துக்கு உரியதல்ல.

இனி எத்தனை செக்கன் என்ற கேள்வி. இந்த விடயத்தின் உயிரே இங்குதான் இருக்கிறது.

எல்லைக்கோட்டிலிருந்து பந்து எறியப்படும்போது, கோர்ட்டுக்குள் இருக்கும் ஆட்டக்காரர் ஒருவர் அதை விதிப்படி தொடும் கணத்தில் ஆட்ட மணிக்கூடு ஓட வேண்டும். கடைசி ஃபிரீ த்ரோ தவறி ஆட்டம் தொடர்ந்தால், பந்து ஆட்டக்காரர் ஒருவர் மீது பட்டதும் ஓட வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில், மேலே எறியப்பட்ட பந்தைக் குதிப்பவர் ஒருவர் தட்டியதும் ஓட வேண்டும். நடுவர் கையை மேலிருந்து கீழே வெட்டிக் காட்டும் சைகை இதற்காகத்தான். நேரம் பிடிப்பவர் பந்தையும் பார்க்க வேண்டும், அந்தக் கையையும் பார்க்க வேண்டும். உங்கள் ஆட்டத்தில் 24 செக்கன் மணிக்கூட்டை இயக்கியவர் அதே தொடுதலைப் பார்த்துத் தன் பொத்தானை அமுக்கியிருக்கிறார். அப்படியானால் அவருடைய மணிக்கூட்டில் கழிந்த நேரமும், ஆட்ட மணிக்கூட்டில் கழிந்திருக்க வேண்டிய நேரமும் ஒன்றேதான். கூடை விழுந்தபோது 13 இருந்திருந்தால் கழிந்தது 11 செக்கன். 41இலிருந்து 11ஐக் கழித்தால் 30. நான்காம் கால் பகுதியின் கடைசி 2 நிமிடங்களில் கூடை விழுந்ததும் ஆட்ட மணிக்கூடு நிறுத்தப்பட வேண்டும் என்பதால், கூடைக்குப் பின் நடந்த வாக்குவாத நேரத்தை இதில் சேர்க்க வேண்டியதில்லை.

அவர் “12 அல்லது 13” என்றாரே, 12ஐ எடுத்து 29 வைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டுமே கழிக்க வேண்டும் என்பது என் நடைமுறை. 11 செக்கன் ஓடியது என்பது அவருடைய இரண்டு எண்களாலும் உறுதியாகிறது. 12ஆவது செக்கன் ஐயத்துக்குரியது. அமெரிக்கப் பாடசாலை ஆட்டங்களின் விதிப்புத்தகம் இந்தக் கருத்தை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது: எவ்வளவு நேரம் என்பது பற்றி நடுவரிடம் திட்டவட்டமான தகவல் இருந்தால்தான் நேரத்தைத் திருத்தலாம், அந்தத் தகவல் நடுவரின் எண்ணிக்கையிலிருந்தும் வரலாம். ஃபீபா விதி இப்படிச் சொல் சொல்லாக எழுதவில்லையென்றாலும், நேர்மையான எந்த நடுவரும் வேறு வழியில் போக முடியாது. ஊகத்தால் வைக்கப்படும் எண், தவறான மணிக்கூட்டைவிடப் பெரிய தவறு. மணிக்கூட்டின் தவறு யாருக்கும் சார்பில்லாமல் நிகழ்ந்தது, ஊகமோ யாரோ ஒருவர் தெரிந்தெடுத்தது.

இதை நான் படித்து மட்டும் அறியவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு சுற்றுப்போட்டியில் நேரம் பிடிக்கும் ஆசனத்தில் இருந்தபோது, பக்கத்துக் கோர்ட்டில் நடந்த வலைப்பந்தாட்டத்தின் விசிலை எங்கள் நடுவரின் விசிலென்று நினைத்து மணிக்கூட்டை நிறுத்திவிட்டேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை உணர்ந்து மறுபடி ஓடவிட்டபோது எத்தனை செக்கன் போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. தலைமை நடுவர் கேட்டபோது “ஐந்து இருக்கும்” என்று சொன்னேன். அவர் என்னை நம்பி ஐந்தைக் கழித்தார். இறுதிச் செக்கனில் எறியப்பட்ட ஒரு பந்து, ஒலி எழுந்த பின் கையை விட்டதாகத் தீர்ப்பாகி, ஓர் அணி தோற்றது. மூன்று செக்கன்தான் போயிருந்ததென்றால் அந்தக் கூடை சென்றிருக்கும். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்ணைச் சொன்னேன். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆகவே தகவல் எங்கிருந்து வரும் என்பதை நடுவரும் மேசையும் ஆட்டத்துக்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். முதற்சாட்சி 24 செக்கன் மணிக்கூடு. ஓர் அணி பந்தைத் தொடர்ந்து வைத்திருக்கும்போது இரண்டு மணிக்கூடுகளும் சேர்ந்து ஓடுவதால், அவற்றுக்கிடையிலான வித்தியாசம் மாறாது. உதாரணமாக 2:41 இருக்கும்போது 24 தொடங்கினால் வித்தியாசம் 2:17. சிறிது நேரத்தின் பின் 24 செக்கன் மணிக்கூட்டில் 10 இருந்தால் ஆட்ட மணிக்கூட்டில் 2:27 இருந்தாக வேண்டும். அங்கே 2:33 இருந்தால் ஆறு செக்கன் எங்கோ ஓடாமல் நின்றிருக்கிறது, அல்லது 24 செக்கன் மணிக்கூடு ஆறு செக்கன் முந்தித் தொடங்கியிருக்கிறது. எது சரி என்று சொல்ல இன்னொரு சாட்சி வேண்டும். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் மனதில் குறித்துக்கொள்ளும் பழக்கம் மேசையில் இருப்பவருக்கு வந்துவிட்டால், பாதிப் பிரச்சினை மேசையிலேயே தீர்ந்துவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடை விழுந்ததும் 24 செக்கன் மணிக்கூட்டின் எண் அழிக்கப்பட்டுவிடும். அதனால் அந்த எண்ணை அழிவதற்கு முன் பார்த்தவர்தான் சாட்சி. உங்கள் ஆட்டத்தில் அதை இயக்கியவர் பார்த்திருந்தார், அது நல்ல காலம்.

இரண்டாம் சாட்சி நடுவரின் கை எண்ணிக்கை. பின்பாதியிலிருந்து பந்தை முன்பாதிக்குக் கொண்டுபோக 8 செக்கன், நெருங்கித் தற்காக்கப்படும் ஆட்டக்காரருக்கு 5 செக்கன் என்று நடுவர் எண்ணுவார். உங்கள் நடுவர் ஆறு வரை எண்ணினார் என்பதால், குறைந்தது ஆறு செக்கனாவது கழிந்தது என்பது தனியாகவே நிலைநாட்டப்படுகிறது. நடுக்கோட்டைத் தாண்டி நாலைந்து கை மாறிக் கூடை விழ இன்னும் ஐந்து செக்கன் என்பது அதனோடு பொருந்துகிறது. இரண்டு சாட்சிகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. 24 செக்கன் மணிக்கூடே இல்லாத கோர்ட்டாக இருந்திருந்தால், நான் ஆறை மட்டும் கழித்து 35 வைத்திருப்பேன். மீதி ஐந்தும் ஓடியது என்று எல்லாருக்கும் தோன்றினாலும், தோன்றுவதைக் கொண்டு மணிக்கூட்டைத் திருப்ப முடியாது.

மூன்றாம் சாட்சி மேசையில் இருக்க வேண்டிய நிறுத்தற் கடிகாரம். டைம் அவுட் நேரத்தைக் கணிப்பதற்காக அது மேசைக்குரிய உபகரணங்களில் ஒன்றாக விதியிலேயே இருக்கிறது. கடைசி இரண்டு நிமிடங்களில் உதவிப் புள்ளிப் பதிவாளர் அதை ஆட்ட மணிக்கூட்டோடு சேர்த்து ஓடவிட வேண்டும் என்பது என் பரிந்துரை. நமது பக்கத்தில் ஆட்டங்கள் பெரும்பாலும் திறந்த வெளியில், பின்னேர வெயிலில் நடக்கின்றன. மின்பலகையில் எரியும் எண் வெயிலில் தெரியாமற் போவதும், மின்சாரம் தடைப்பட்டு முழுப் பலகையும் இருண்டுபோவதும் நாம் அறிந்தவை. அப்போது மிஞ்சுவது கைக்கடிகாரமும் காகிதமும்தான். டைம் அவுட் கேட்கப்பட்ட நிமிடம் புள்ளித்தாளில் எழுதப்படுகிறது. நான் இன்னும் ஒரு படி மேலே போய், கடைசிக் கால் பகுதியில் விசில் ஊதப்படும் ஒவ்வொரு முறையும் நின்ற நேரத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொல்வேன். பலகை இருண்ட ஓர் ஆட்டத்தை அந்தத் துண்டுத்தாளைக் கொண்டு முடித்திருக்கிறோம்.

கைப்பேசிப் பதிவு சாட்சியாகாது. உடனடி மீள்பார்வை முறை என்று ஒன்று விதியில் உண்டு. அதைக் கொண்டு, மணிக்கூடு பழுதாகும்போது எவ்வளவு நேரம் திருத்த வேண்டும் என்பதை ஆட்டத்தின் எந்த வேளையிலும் பார்க்கலாம். ஆனால் அந்த உபகரணம் ஆட்டத்துக்கு முன்பே தலைமை நடுவரால் பார்த்து அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். பார்வையாளர் கையிலிருக்கும் பதிவை ஏற்றால், அடுத்த ஆட்டத்தில் மற்ற அணிக்காரரின் பதிவையும் ஏற்க வேண்டிவரும். யாரிடம் பதிவு இருக்கிறதோ அவருக்கு மட்டும் நீதி என்றாகிவிடும். நடுவர்கள் அதைப் பார்க்க மறுத்தது சரியே.

எப்போது விசில் ஊத வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மணிக்கூடு ஓடவில்லை என்று நடுவர் கண்டால், எந்த அணிக்கும் பாதகமில்லாத முதற்கணத்தில் ஆட்டத்தை நிறுத்தலாம். வேகமாகத் தனியே ஓடிக்கொண்டிருக்கும் ஒருவனை மணிக்கூட்டுக்காக நிறுத்துவது தவறு. நிறுத்திய பின், பந்து யாரிடம் இருந்ததோ அவரிடமே, நின்ற இடத்துக்கு அருகிலிருந்து எறியக் கொடுக்கப்படும். இங்கே 24 செக்கன் மணிக்கூட்டைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. இரு அணிகளுடனும் தொடர்பில்லாத காரணத்துக்காக ஆட்டம் நின்றால், பின்பாதியில் 24ஆகவும், முன்பாதியில் 13 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 14ஆகவும் மாற்ற வேண்டும் என்பது பொது ஒழுங்கு. ஆனால் அதனால் எதிரணிக்குப் பாதகம் வருமென்றால் நின்ற எண்ணிலிருந்தே தொடர வேண்டும். கடைசி அரை நிமிடத்தில் ஓர் அணி 18 செக்கன் பந்தை வைத்திருந்து, 6 மட்டும் மீதியிருக்கையில் மணிக்கூட்டுக் கோளாறால் ஆட்டம் நின்றால், அவர்களுக்குப் புதிதாக 14 கொடுப்பது தற்காத்த அணியின் உழைப்பைத் தண்ணீரில் போடுவது. 6இலிருந்தே தொடர வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலான தவறும் அடிக்கடி நிகழ்கிறது. பந்து உள்ளே எறியப்பட்டு எவரும் தொடுவதற்கு முன்பே மணிக்கூடு ஓடத் தொடங்கிவிடும். நேரம் பிடிப்பவர் எறிபவரின் கையைப் பார்த்து அமுக்குவதுதான் காரணம். கடைசிச் செக்கன்களில் இது கொடியது. எஞ்சியிருப்பது 0.3 செக்கன் அல்லது அதற்கு மேல் என்றால்தான் பந்தைப் பிடித்து எறிந்து கூடையிட முடியும், 0.2 அல்லது 0.1 என்றால் தட்டியோ நேரடியாகக் கூடைக்குள் திணித்தோதான் புள்ளி பெறலாம் என்று விதி இருக்கிறது. ஒரு செக்கனின் பத்திலொரு பங்குக்கு இவ்வளவு மதிப்பு வந்தது சும்மா அல்ல. 1990 ஜனவரி 15 அன்று நியூயோர்க்கில், சிக்காகோ அணிக்கு எதிராக 0.1 செக்கன் மீதியிருக்கையில் உள்ளே எறியப்பட்ட பந்தை நியூயோர்க் அணியின் டிரெண்ட் டக்கர் பிடித்து, திரும்பி, எறிந்து மூன்று புள்ளி பெற்றார். அவ்வளவும் 0.1 செக்கனில் நடக்க முடியாது, மணிக்கூடு தாமதித்தே ஓடியிருக்க வேண்டும் என்பது பார்த்த எவருக்கும் விளங்கியது. சிக்காகோ அணியின் ஆட்சேபம் தள்ளுபடியானது. அடுத்த பருவத்தில் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் 0.3 செக்கன் விதி வந்தது. மேசையில் இருப்பவரின் விரல் மனித விரல் என்பதை விதியே ஏற்றுக்கொண்ட இடம் அது.

மணிக்கூட்டுத் திருத்தத்தைப் பற்றிப் பேசும் எவரும் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. 3 செக்கன் இருக்கையில் டக் கொலின்ஸ் இரண்டு ஃபிரீ த்ரோக்களையும் போட்டு அமெரிக்காவை 50–49 என்று முன்னிலைப்படுத்தினார். சோவியத் அணி பந்தை உள்ளே எறிந்தது. டைம் அவுட் கேட்டோம், கொடுக்கவில்லை என்ற சோவியத் தரப்பின் கூச்சலில் 1 செக்கன் மீதியிருக்க ஆட்டம் நின்றது. ஃபீபாவின் செயலாளர் நாயகம் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்து 3 செக்கனை மறுபடி வைக்கச் சொன்னார். மணிக்கூட்டை அவர்கள் திருப்பிக்கொண்டிருக்கும்போதே, பலகை 50 செக்கனைக் காட்டிக்கொண்டிருக்க, நடுவர் பந்தைக் கையில் கொடுத்துவிட்டார். ஒலி எழுந்தது, அமெரிக்கர் கொண்டாடினார்கள். மணிக்கூடு சரியாக வைக்கப்படவில்லை என்று கூறி மூன்றாம் தடவையும் அதே 3 செக்கன் ஆடப்பட்டது. எடெஷ்கோ கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து எறிந்த பந்தை பெலோவ் மறுமுனையில் பிடித்துக் கூடையிட, 51–50 என்று சோவியத் வென்றது. பிரேசில் நாட்டு நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ புள்ளித்தாளில் கையெழுத்திட மறுத்தார். மேன்முறையீட்டுக் குழு மூன்றுக்கு இரண்டு என்று ஆட்சேபத்தைத் தள்ளியது. அமெரிக்கர் வெள்ளிப் பதக்கத்தை இன்றுவரை வாங்கவில்லை.

அந்த ஆட்டத்தின் அரசியலை விட்டுவிடுகிறேன். மேசைக்கும் நடுவருக்கும் அதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. எத்தனை செக்கன் வைப்பது என்பதைக் கோர்ட்டில் அதிகாரமுள்ள நடுவர் தீர்மானிக்க வேண்டும், வெளியிலிருந்து வருபவர் எவ்வளவு பெரியவரானாலும் தீர்மானிக்கக் கூடாது. நமது சுற்றுப்போட்டிகளிலும் ஏற்பாட்டாளர், அதிபர், பிரதம விருந்தினர் என்று மேசைக்கு வந்து எண் சொல்பவர்கள் உண்டு. அவர்களை மரியாதையாக அமரச் சொல்ல வேண்டும். அடுத்தது, தீர்மானித்த எண் பலகையில் ஏறி, தலைமை நடுவர் அதைத் தன் கண்ணால் பார்த்து, மேசையிலிருந்து பெருவிரல் சைகை வந்த பிறகே பந்து எறிபவரின் கைக்குப் போக வேண்டும். மியூனிக்கில் அந்த ஒரு பார்வை இருந்திருந்தால் மூன்றாம் தடவை ஆடியதும் அதன் விளைவும் இருந்திருக்காது.

தலைமை நடுவர் இரண்டு பயிற்றுவிப்பாளர்களையும் சேர்த்து அழைத்து, எது ஓடவில்லை, எப்படித் தெரியும், எத்தனை கழிக்கிறோம் என்று மூன்று வசனத்தில் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. புனித மிக்கேல் கல்லூரி போன்ற பாடசாலைகளின் நீண்ட பாரம்பரியத்தாலும், லூசியானாவிலிருந்து வந்து இங்கே பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைப் பயிற்றுவித்து, 1990 ஓகஸ்ட் 15 அன்று காணாமற்போன யூஜின் ஹேபர்ட் அடிகளார் போன்றவர்களின் உழைப்பாலும், இந்த ஊரில் பார்வையாளரும் செக்கனை எண்ணிக்கொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். காரணம் சொல்லாமல் மாற்றப்படும் எண்ணை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட.

ஒரு செக்கனுக்கும் குறைவான தாமதங்களை எல்லாம் திருத்த வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. விசிலுக்கும் விரலுக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி எப்போதும் இருக்கும், இரண்டு பக்கத்துக்கும் சமமாக இருக்கும். மூன்றாம் கால் பகுதியின் நடுவில் அதைத் தேடிப் போவது ஆட்டத்தைக் கெடுக்கும். பலகை பத்திலொரு பங்கைக் காட்டத் தொடங்கும் கடைசி நிமிடத்தில், விசில் ஊதிய கணத்தில் நடுவர் பலகையைக் கண்ணால் கண்டிருந்தால், கண்ட எண்ணை வைக்கட்டும்.

கடைசியாக ஆட்சேபம். நேரக் கணிப்பில் ஏற்பட்ட, நடுவர்கள் திருத்தாமல் விட்ட தவறால் ஓர் அணி பாதிக்கப்பட்டால் ஆட்சேபிக்கலாம் என்று ஃபீபா விதிகளின் பின்னிணைப்பில் இருக்கிறது. ஆனால் அதன் வழி குறுகியது. ஆட்டம் முடிந்து 15 நிமிடங்களுக்குள் அணித் தலைவர் தலைமை நடுவரிடம் அறிவித்து, புள்ளித்தாளில் ஆட்சேபத்துக்கென்றே உள்ள இடத்தில் கையெழுத்திட வேண்டும். காரணத்தை எழுத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தலைமை நடுவர் கையெழுத்திட்டதும் நடுவர்களுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பு முடிந்துவிடுகிறது. மறுநாள் வந்த கடிதம், அதில் எழுதியது எவ்வளவு உண்மையானாலும், அந்த 15 நிமிடத்தைத் திருப்பிக் கொண்டுவராது. உங்கள் அணித் தலைவன் அன்று கையெழுத்திட்டிருந்தால், 24 செக்கன் மணிக்கூட்டை இயக்கியவரின் சொல்லும் நடுவரின் ஆறும் எழுத்தில் ஏறியிருக்கும். பாடசாலைச் சுற்றுப்போட்டிகளுக்கு ஏற்பாட்டாளர் தனியாக வைத்திருக்கும் நேரவரம்பும் கட்டணமும் வேறாக இருக்கலாம், எனவே முதல் ஆட்டத்துக்கு முன் நடக்கும் கூட்டத்திலேயே அவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அணித் தலைவனாக நிற்கும் பிள்ளைக்கு, புள்ளித்தாளில் அந்தக் கையெழுத்துக்கான இடம் எது என்பதை ஒரு முறை விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள்.